ஸ்தோத்திரம் கண்டக்டரும் என் ஊக்கும்

செல்லூரில் புறப்பட்டுக் கப்பலூர் வரைக்கும் போகும் பஸ்ஸில் அந்தக் காலத்தில் எத்தனையோ கண்டக்டர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் ஆறடி உயரத்தையும் முறம் போன்ற இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மதுரை ஜில்லாவிலேயே அதிக அறை வாங்கிய மனிதர் எங்கள் ஸ்தோத்திரம் கண்டக்டர் ஒருவர்தான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனாலும் இதை மட்டும் எங்கே நிறுத்தினாலும் சொல்லுவேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. சபைக்குப் போகிற கிறிஸ்தவர். எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம். டயர் பஞ்சரானால் ஸ்தோத்திரம். கூரை ஒழுகித் தலையில் சொட்டினால் ஸ்தோத்திரம். ஒரு நாள் சிம்மக்கல்லில் யாரோ அவர் காலை நன்றாக மிதித்துவிட, அவர் போட்ட ஸ்தோத்திரத்தை விசில் என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். பாதி ஏறியும் ஏறாமலும் இருந்த கூட்டம் பின்னாலேயே ஓடிவந்தது.

அந்த டிரைவர் வேறு மாதிரி. நெற்றி நிறையத் திருநீறு, கண்ணாடிக்கு மேலே முருகன் படம். திருப்பரங்குன்றம் வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார். அப்போது மட்டும் கண்டக்டர் சத்தமில்லாமல் ஸ்தோத்திரம் சொல்லுவார். அது பக்தியா பயமா என்று எங்களுக்குத் தெரியாது.

நான் கண்ணால் பார்த்த முதல் அறை பழங்காநத்தம் தாண்டி நடந்தது. ஒருவர் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். விழித்துப் பார்த்ததும், "ஏன்யா எழுப்பல?" என்று எழுந்தவர் பளாரென்று விட்டார். பஸ்ஸே நடுங்கியது. கண்டக்டர் மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு வலது காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, வலது கன்னத்தைக் காட்டினார். பென்சில் உடைந்துவிடக் கூடாதே.

அறைந்தவர் மிரண்டுபோய், "இந்த ஆளுக்கு என்னங்க?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"அது வேதத்துல இருக்காம்ங்க. அடிக்கிறதுன்னா சட்டுனு அடிங்க, பின்னால லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான்."

அந்த மனிதர் அடுத்த நிமிடம் இறங்கி, வந்த வழியே வெயிலில் நடந்தே போனார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

டிரைவர் இந்த விஷயத்தில் அவரை விடுவதே இல்லை. "மாப்ள, ஒனக்குக் கன்னம் ரெண்டு. நம்ம வண்டிக்கு ஸ்டாப்பு இருவத்தாறு. எப்பிடிய்யா கட்டும்?" என்பார். கண்டக்டர் சிரித்துக்கொண்டு, "போகப் போக மரத்துப்போகும்ணே" என்பார்.

இன்னொரு நாள் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பெண்கள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். விலக்கப்போன ஆட்களுக்கெல்லாம் நகக்கீறல்தான் மிச்சம். இவர் போய் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைக் குனிந்து நின்று, "ஆத்திரமா இருந்தா என் முடியப் புடிங்க தாயி" என்றார். அவர் தலை எண்ணெய் தடவிய வெண்கலச் செம்பு மாதிரி இருக்கும். பிடிக்க ஒன்றுமே இல்லை. இரண்டு பெண்களும் கொண்டையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தது ஒரு முறுக்குக் கூடை.

சேவல் கதையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். நேர்த்திக்கடனுக்கென்று ஒரு அம்மா சேவலைக் காலைக் கட்டிக் கூடைக்குள் வைத்து ஏற்றியிருந்தாள். டிக்கெட் கொடுக்கக் குனிந்த கண்டக்டர் கையில் அது ஒரே கொத்து. ரத்தம் வந்துவிட்டது. அவர் ஸ்தோத்திரம் சொல்லி, மறந்தாற்போல மறு கையையும் நீட்டிவிட்டார். சேவலுக்கு வேதம் தெரியுமா? அதையும் கொத்தியது. பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மா பதறிப்போய் சேவல் தலையில் தட்டப் போனாள்.

"அடிக்காதத்தா" என்றார் அவர். "காலக் கட்டிப் போட்டிருக்கு. ஓடவும் முடியாது. மேல வந்த கைய அது கொத்தாம என்ன செய்யும்? அது பழி இல்ல. பாவம் அது, தன்னைக் காப்பாத்திக்கிருது."

அப்போது நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

இவ்வளவு பெரிய ஆள் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கப்பலூர் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பாக்கியம் அக்காவிடம் டிரைவர் ஒரு நாள் சொன்னாராம். வாலிபத்தில் கண்டக்டர் பெரிய முரடு. கட்டிலில் யார் படுப்பது என்ற சண்டையில் கூடப்பிறந்த தம்பியை ஒரு அறை அறைந்தார். ஒரே அறைதான். தம்பிக்கு அந்தப் பக்கத்துக் காது அன்றோடு போயிற்று. தம்பி அதன் பிறகும் முகம் கோணாமல் அதே கட்டிலின் ஓரத்தில் அண்ணனுக்கு இடம் விட்டுப் படுத்தானாம். அதற்குப் பிறகுதான் இவர் சபைக்குப் போனதும், யார் மேலும் கை வைக்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டதும்.

இனி என் கதை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் செல்லூரில் பவர்லூம் ஓட்டினார். தறியில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டும் சின்னது. நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடிக்குப் பிசிறு வெட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் உலை கொதித்தது அந்தச் சம்பளத்தில்தான். என்னை அனுப்பும்போதே மாமியார் சொல்லிவிட்டார்: "போ. ஆனா பஸ்ஸுல ஒன்னப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சு, அன்னைக்கோட வேலைய விட்டுட்டு வீட்ல கெட."

சிம்மக்கல்லில் தினமும் ஒருவர் ஏறுவார். சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் மடித்த பேப்பர். வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார். பார்த்தால் கும்பிடத் தோன்றும். அந்த மனிதர் கூட்டத்தில் எனக்குப் பின்னால் வந்து நிற்பார். பேப்பர் முன்னால் இருக்கும். கை முன்னால் இருக்காது. இதற்கு மேல் எழுத வேண்டாம். பஸ்ஸில் போன பெண்களுக்குத் தெரியும்.

நான் இடம் மாறினேன், அவரும் மாறினார். அடுத்த வண்டிக்குப் போனேன். கம்பெனியில் கேட்டை மூடிவிட்டு, பிந்தி வந்ததற்குத் திட்டினார்கள். சத்தம் போடலாம் என்றால், அந்தச் சத்தம் எனக்கு முன்னால் செல்லூர் போய் மாமியார் காதில் விழும். வேலை போகும். சத்தம் போடாவிட்டால் நாளைக்கும் அதே பஸ், அதே கை. ஒரு மாதம் நான் சாப்பிட்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை.

பாக்கியம் அக்காதான் கண்டுபிடித்தாள். கேட்டாள், அழுதேன். உடனே என் தாலிச் சரட்டைத் தூக்கிப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் தாலியில் நாலைந்து ஊக்கு கோத்துப் போட்டிருப்போம். சேலைக்கு, ரவிக்கைக்கு, பிள்ளை காலில் முள் எடுக்க.

"ஏத்தா, இம்புட்டு ஊக்க என்னத்துக்குக் கழுத்துல தொங்க விட்ருக்க, அழகுக்கா? ஒண்ணக் கழட்டிக் கையில வச்சுக்க. கை மேல பட்டுச்சா, திரும்பிப் பாக்காத. ஓங்கி ஒரு குத்து. அம்புட்டுத்தான்."

வெள்ளிக்கிழமை காலை. சிம்மக்கல். பேப்பர் ஏறியது. எனக்குப் பின்னால் வந்து நின்றது. ஊக்கை விரித்து விரலுக்குள் மறைத்து வைத்திருந்தேன். பெரிய வளைவு ஒன்று வந்தது. பின்னால் பாரமாக யாரோ இடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, குலசாமியை நினைத்துக்கொண்டு, திரும்பாமல் பின்பக்கம் ஒரே குத்து.

"ஸ்தோத்திரம்!"

திரும்பினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காக்கிச் சட்டையில் பொட்டு மாதிரி ரத்தம். அவருக்குப் பின்னால் சலவைச் சட்டை பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். பழக்கம் யாரை விட்டது? காதிலிருந்த பென்சிலை எடுத்து மறு காதுக்கு மாற்றினார். மெதுவாகத் திரும்பி இடுப்பின் மறு பக்கத்தைக் காட்டி, "தாயி, இந்தப் பக்கமும் வேணும்னா…" என்றார்.

பஸ் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பியெல்லாம் ஆடியது. "கன்னம் பத்தாமப் போயி இடுப்பையும் ஆரம்பிச்சுட்டியா மாப்ள?" என்று டிரைவர் முன்னாலிருந்து கத்தினார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பூமி பிளந்து என்னை எடுத்துக்கொள்ளாதா என்று இருந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. விரித்த ஊக்கைப் பார்த்தார். குனிந்து ரொம்பச் சன்னமாக, "இது எனக்கு வச்சிருந்தது இல்லயே. யாருக்குத்தா?" என்று கேட்டார். என் கண் போன பக்கம் அவர் கண்ணும் போனது. அவ்வளவுதான். அன்று கப்பலூர் வரும் வரை அந்த மலை மாதிரி உடம்பு எனக்கும் அந்தப் பேப்பருக்கும் நடுவிலேயே நின்றது. மற்றவர்கள்தான் அவரிடம் வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் ஒரு ஸ்தோத்திரம் கூடச் சொல்லவில்லை. யாரோ காலை மிதித்தபோதும் சும்மா இருந்தார்.

"ஆளுக்கு ஒடம்பு சரியில்லையாண்ணே?" என்று பாக்கியம் அக்கா டிரைவரிடம் கேட்டாள்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான். கன்னத்துல அடிச்சா மறுகன்னத்தக் காட்டச் சொன்னாரே ஏசுசாமி, இந்தப் புள்ளைய எதைக் காட்டச் சொல்றதுன்னு நேத்துல இருந்து பொலம்புறான். நாளைக்கு அவுக பாஸ்டர்கிட்டக் கேக்கப் போறானாம். அந்த மனுசன் பாடு திண்டாட்டந்தான்."

ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை செல்லூரில் நான் ஏறியதுமே என் பக்கத்தில் வந்து நின்றார். யானைக்கல் பாலம் தாண்டினால் சிம்மக்கல். பாலத்தில் ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி வேகமாகப் பேசினார்.

"தாயி, பாஸ்டரய்யா ஒரு மணி நேரம் பேசுனாரு. எனக்குக் கொஞ்சந்தான் வெளங்குச்சு. பழி வாங்காதங்கிறதுக்குத்தான் மறுகன்னம். தெனம் வந்து அடிச்சுக்கிறதுக்குக் கன்னத்த வாடகைக்கு விடச் சொல்லல. நான் காட்டுனா அது என் கன்னம். அடுத்தவுக கன்னத்த நான் காட்டச் சொல்ல முடியாது."

நான் தலையை ஆட்டினேன்.

"இன்னொண்ணு சொன்னாரு. இத்தன வருசம் வேதம் வாசிக்கிறேன், என் கண்ணுல படல. ஏசுசாமியவே வெசாரணையில ஒருத்தன் அறைஞ்சானாம். அவரு திருப்பி அடிக்கல. ஆனா சும்மாவும் இருக்கல. 'என்னை ஏன் அடிக்கிற?'ன்னு கேட்டாராம். கேக்கலாம்த்தா! வாயத் தொறந்து கேக்கலாம். மொதல்ல கேளு. கேட்டும் அவன் கை நகரலைன்னா ஊக்கு. ஆனா ஒண்ணு, கை இருக்கிற வரைக்குந்தான் ஊக்கு. கை போயிருச்சா, ஊக்க மூடிறணும். அதுக்கு மேல குத்துனா அது பழி."

"நீங்களே அந்த ஆளை எறக்கி விட்ருங்கண்ணே" என்றேன். அதைச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்கியது.

அவர் தன் கையைப் பார்த்தார். "நான் கைய வச்சா என்னாகும்னு எனக்குத் தெரியும் தாயி. அதுவும் போக, நாளைக்கு நீ வேற வண்டியில போவ. அங்க நான் இருக்க மாட்டேன். ஒன் வாயி இருக்கும். நீ கேளு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

குத்துவது என்றால் கூடச் சுலபம். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம். கேட்பதற்குச் சத்தம் வேண்டுமே. நான் பள்ளிக்கூடத்திலேயே, ஐந்தாம் வகுப்பு வரைக்கும், 'உள்ளேன் ஐயா' கூடப் பக்கத்துப் பிள்ளையைச் சொல்லச் சொன்னவள்.

அன்றைக்குப் பேப்பர்காரர் கண்டக்டரைப் பார்த்துவிட்டுத் தூரத்திலேயே நின்றுகொண்டார். செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். கை வந்தது. கண்டக்டர் இரண்டு ஆள் தள்ளி நின்று என்னையே பார்த்தார். நானும் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "கப்பலூர் ஒண்ணு."

டிக்கெட் ஏற்கெனவே என் கையில் இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். கேலி இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்கிற மாதிரி.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் மறுபடியும் அந்தக் கை. எனக்கு அந்தச் சேவல் ஞாபகம் வந்தது. காலைக் கட்டிப் போட்ட சேவலே சும்மா இருக்கவில்லையே. என் காலை யார் கட்டியது?

திரும்பினேன். "ஏங்க, என் மேல ஏன் கைய வைக்கிறீங்க?"

என் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை மெதுவாக்கினார். எல்லாத் தலையும் திரும்பியது. சலவைச் சட்டைக்காரர் முகம் கறுத்து, "யாரப் பாத்துடி கேக்குற? ஒன் தகுதி என்ன?" என்று கையை ஓங்கினார். அந்த அறை எனக்கு விழவில்லை. நடுவில் ஒரு வெண்கலச் செம்பு வந்து நின்றது. பளார்!

கண்டக்டர் பென்சிலைக் காது மாற்றினார். மறுகன்னம். அந்த மனிதர் ஆத்திரத்தில் அதிலும் அறைந்தார். மூன்றாவது தடவை ஓங்கியபோது அந்த முறம் கை போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தது. முறுக்கவில்லை, திருகவில்லை. சும்மா பிடித்துக்கொண்டது.

"எனக்குக் கன்னம் ரெண்டுதாங்க. முடிஞ்சு போச்சு" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்: "என்னை ஏன் அடிக்கிறீங்க?"

அந்த மனிதர் கையை உருவப் பார்த்தார். கேட்டதற்குப் பதில் பஸ்ஸுக்குத் தெரியும். "போடுறா அவனை!" என்று பின்னாலிருந்து கிளம்பினார்கள். செருப்பைக் கழற்றினார்கள்; பாக்கியம் அக்கா சோற்றுத் தூக்கையே தூக்கிவிட்டாள். உடனே கண்டக்டர் செய்த காரியம்தான் யாருக்கும் பொறுக்கவில்லை. அந்த ஆளைக் கம்பியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தன் முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டார். விழுந்த அடியெல்லாம் அவர் முதுகில். "எறங்கட்டும்! எறங்கட்டும்!" என்று கத்திவிட்டு விசிலை ஊதினார். வண்டி நின்றது. சலவைச் சட்டை கசங்கி இறங்கி ஓடியது. பேப்பர் மட்டும் படியில் கிடந்தது.

"ஏண்ணே, அந்தப் பயலுக்குப் போயி முதுகக் குடுத்தீக? ஒங்களுக்குக் கிறுக்கா?" என்று பாக்கியம் அக்கா சண்டைக்குப் போனாள். எனக்கும் கோபம்தான். அவனுக்கு இரண்டு விழுந்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் கையைப் பார்த்தார். ஊக்கு இன்னும் விரித்தபடியே இருந்தது.

"கை போயிருச்சுல்ல தாயி" என்றார்.

நான் ஊக்கை மூடினேன். 'டிக்' என்று சின்னதாய் ஒரு சத்தம். அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். "ஸ்தோத்திரம்" என்றார். ஐந்து நாளைக்குப் பிறகு அன்றுதான். டிரைவர் வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் நான் போவதற்குள் சேதி செல்லூருக்குப் போய்விட்டது. மாமியார் வாசலிலேயே நின்றார். "பஸ்ஸுல சத்தம் போட்டியாமே?" வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவர் விலகி வழி விட்டார். மறுநாள் காலை சோற்றுத் தூக்கை எடுக்கும்போது பக்கத்தில் வந்தார். என் ஊக்கைத் தொட்டுப் பார்த்து, "இது ரொம்பச் சின்னது" என்றார். தன் சேலையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஊக்கைக் கழற்றி என் சரட்டில் கோத்துவிட்டு, "நேரமாச்சு, வண்டி போயிறப் போகுது" என்று உள்ளே போய்விட்டார். பதினாறு வருஷம் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தேன்.

கண்டக்டரை இரண்டு வருஷம் கழித்து வேறு ரூட்டில் போட்டுவிட்டார்கள். கடைசி நாளன்று இறங்கும்போதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது. "அண்ணே, அன்னைக்கு இடுப்புல குத்துனேனே, ரொம்ப வலிச்சுச்சா?"

அவர் யோசித்தார். "அந்தப் பக்கம் மட்டும்தான் தாயி" என்றார். சிரித்துக்கொண்டே விசிலை ஊதினார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மாமியார் கொடுத்த அந்த ஊக்கு இன்றைக்கும் என் சரட்டில் கிடக்கிறது. இத்தனை வயதிலும், கூட்டமான பஸ்ஸில் ஏறினால், அது மூடியிருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டு, டிக்கெட் டிக்கெட் என்று அவர் வந்துவிட்டால்?